சாவி யார் கையில? மேலூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில கம்ப்யூட்டர் வெளிய வந்த விதம்

2022 ஜூன்ல பள்ளி திறந்த மொத வாரம், எச்.எம். ரூம்ல இருந்த இரும்பு பீரோவத் தொறந்தோம். உள்ள நாலு லேப்டாப், ஒரு புரஜெக்டர், டேப் கூட பிரிக்காத ஸ்பீக்கர் பெட்டி ஒண்ணு. சென்னையில வேலை பாக்குற எங்க பள்ளிப் பழைய மாணவர்கள் காசு சேத்து 2019ல வாங்கிக் குடுத்தது. குடுத்த அன்னிக்கு வெச்ச சந்தனப் பொட்டு புரஜெக்டர் மேல அப்படியே காஞ்சு கெடக்கு. ஒரு லேப்டாப்ப எடுத்து மேசையில வெச்சா சமமா உக்காரல, ஆடுது. திருப்பிப் பாத்தா பேட்டரி உப்பிப்போயி அடிமூடியத் தள்ளிக்கிட்டு நிக்குது, மேல டச்பேட் பொரிச்ச அப்பளம் மாதிரி தூக்கிக்கிட்டு இருக்கு. நாலுல ரெண்டு இப்படி. ஒரு பிள்ளை கை கூட படாம வீணாப்போன சாமான்.

ஏன் பூட்டி வெச்சாங்கன்னா எல்லாரும் கொரோனாவச் சொல்லுவாங்க. அது பாதிதான். மீதி என்னன்னா இருப்புப் பதிவேடு. அரசுப் பள்ளிக்குள்ள ஒரு சாமான் வந்தா பதிவேட்டுல ஏறும், எச்.எம். கையெழுத்துப் போடுவாங்க, அன்னியிலருந்து அது அவங்க தலையில. தொலைஞ்சா போலீஸ் ஸ்டேஷன் போகணும், ஆடிட்ல எழுதுவாங்க, ரிட்டயர்டு ஆகுற நேரத்துல பைல் நகராது. உடைஞ்சா விளக்கம் குடுக்கணும். ஆனா பயன்படுத்தாமலே வெச்சிருந்தா ஒருத்தரும் ஒரு கேள்வி கேக்க மாட்டாங்க. ரிட்டயர்டு ஆக ரெண்டு வருஷம் இருக்குற ஒரு மனுஷன் என்ன செய்வாரு, பூட்டத்தான் செய்வாரு. அப்ப எச்.எம்.மா இருந்த அந்தப் பெரிய சார நான் குத்தம் சொல்ல மாட்டேன், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்காக ஓடி ஓடி உழைச்ச மனுஷன் அவரு.

நான் அதே பள்ளியில அறிவியல் வாத்தியார். ஸ்கூலுக்குள்ள டெக்னாலஜி கொண்டு வர்றதப் பத்திப் பேச்சு வந்தாலே எந்த சாஃப்ட்வேர், எந்த டிவி, எத்தன இஞ்சுன்னுதான் கேக்குறாங்க. எனக்குத் தெரிஞ்சு மொதக் கேள்வி சாவி யார் கையில இருக்குங்குறதுதான். எங்க பள்ளியில அந்தச் சாவி ஒரு கையிலருந்து பல கைக்குப் போன கதையத்தான் முழுசா எழுதுறேன், சறுக்குன இடத்தையும் சேத்து.

மேலூருக்கு இது புதுசு இல்ல

பள்ளி ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, ஒண்ணுலருந்து எட்டு வரைக்கும். பெரியாறு கால்வாய்த் தண்ணி வந்தா நெல்லு, வரலைன்னா கொத்தனார் வேலையும் நூறு நாள் வேலையும்னு ஓடுற ஊரு. நூத்துச் சொச்சம் பிள்ளைக, எச்.எம்.மோட சேத்து ஆறு ஆசிரியர்கள். வீட்டுல ஒரு டச் போன் இருக்கும், ஆனா அது அப்பாவோட சட்டைப் பையில மதுரைக்கோ திருப்பூருக்கோ போயிரும். பிள்ளை கைக்கு வர்றப்ப ராத்திரி ஒம்போது மணி ஆயிரும், அதுவும் பையன் கைக்குத்தான், பொம்பளப் பிள்ளை கைக்கு வர்றது அபூர்வம்.

மேலூர் தாலுகாவுல 2001லயே கிராமத்துக்குக் கிராமம் இன்டர்நெட் கியாஸ்க், அதாவது ஊர்க்காரங்க வந்து பயன்படுத்துற கம்ப்யூட்டர் மையம் வந்துச்சுன்னு இப்ப உள்ள பிள்ளைகளுக்குச் சொன்னா நம்ப மாட்டாங்க. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல உருவான கார்டெக்ட் வயர்லெஸ் டெக்னாலஜி, கூட அமெரிக்காவோட எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் சேந்து நடத்துன திட்டம், பேரு சாரி. பிறப்புச் சான்றுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் ஊர்ல இருந்தே தாலுகா ஆபீசுக்கு மனு போட்டாங்க, கண்ண வெப்கேமராவுல படம் புடிச்சு அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. உலகமே திரும்பிப் பாத்த வேலை. சில வருஷத்துலயே பெரும்பாலான கியாஸ்க்க மூடிட்டாங்க. வருமானம் பத்தல, ரிப்பேர் பாக்க ஆள் இல்ல, அதெல்லாம் உண்டு. ஆனா அதப் பின்னாடி ஆராஞ்சவங்க எழுதுனதுல எனக்கு உறைச்சது வேற. ஆர்வமா முன்ன நின்ன அதிகாரிகளும் பயிற்சி எடுத்த அலுவலர்களும் மாறுதல்ல போனதும் அந்த மனு போடுற சேவையே படுத்துருச்சு. ஒத்த ஆள் தோள்ல நின்னதெல்லாம் அந்த ஆள் நகந்ததும் விழுந்துரும். நம்ம பள்ளிகள்ல எச்.எம். மாறுதல் வருஷா வருஷம் நடக்குறது.

பதிவேட்ட வாசிச்ச வெள்ளிக்கிழமை

2022ல தமிழ்நாடு முழுக்க பள்ளி மேலாண்மைக் குழுவ மறுகட்டமைப்பு செஞ்சாங்க. 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும், பாதிப் பேர் பெண்களா இருக்கணும்னு இருக்கு. அப்ப 20 பேர் குழுவுல 15 பெற்றோர், மாசாமாசம் மொத வெள்ளிக்கிழமை கூட்டம்னு வெச்சாங்க. அதுக்கு முன்னாடியும் குழு உண்டு, கையெழுத்து வாங்க நோட்டு மட்டும் வீடு வீடாப் போகும்.

மாறுதல் கலந்தாய்வுல அந்த வருஷம் வந்த புது எச்.எம்., நாங்க பெரிய டீச்சர்னு சொல்றவங்க, கூட்டத்துல செஞ்சது ஒரே ஒரு வேலை. இருப்புப் பதிவேட்ட எடுத்து, மரத்தடியில உக்காந்திருந்த அம்மாக்கள் முன்னாடி மொத பக்கத்துலருந்து சத்தமா வாசிச்சாங்க. நாற்காலி இத்தன, குடம் இத்தன, உலக உருண்டை ஒண்ணு, கம்ப்யூட்டர் இத்தன. அம்மாக்களுக்கு ஆச்சரியம், இம்புட்டு சாமான் இருக்கான்னு. நூறு நாள் வேலை முடிச்சு தலத்துண்டோட வந்திருந்த ஒரு அக்கா கேட்டாங்க: "டீச்சர், பூட்டி வெச்சா அது வட்டியா குட்டி போடும்? எடுத்துப் பிள்ளைகளுக்குக் குடுங்களேன்." டீச்சர் உள்ளத உள்ளபடி சொன்னாங்க. "உடைஞ்சா என்னையத்தான் கேப்பாங்க. நீங்க என் கூட நிப்பீங்களா?"

அந்தக் கேள்விதான் இந்த மொத்தக் கதையோட ஆணிவேர். தலைமைன்னா முன்னாடி போறதுன்னுதான நினைக்கிறோம், அந்த அம்மா அன்னிக்கு தன்னோட பயத்த எல்லார் முன்னாடியும் எடுத்து வெச்சாங்க. அதுக்கு அப்புறம் ஒன்றரை மணி நேரம் பேச்சு. எங்க பக்கம் கண்மாய் மடை திறக்குறதுலருந்து திருவிழா வரி வரைக்கும் ஊர் கூடுற பொது இடமான மந்தையில உக்காந்து பேசித்தான் முடிவு எடுப்பாங்க. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விஷயத்துல கூட சுத்துப்பட்டு ஊர்ஜனம் ஒண்ணா நின்னுதான் 2025 ஜனவரியில ஏலத்த ரத்து பண்ண வெச்சாங்க. உக்காந்து பேசி ஒரு முடிவுக்கு வர்ற பழக்கம் அவங்க ரத்தத்துல இருக்கு, பள்ளிக்கூடத்துக்குள்ள மட்டும் நாம யாரும் அதக் கேட்டதில்ல.

தீர்மானம் போட்டாங்க. பாட நேரத்துல பயன்படுத்தும்போது பழுதானா எந்தத் தனி ஆளும் பொறுப்பில்ல, குழு பொறுப்பு. எடுக்குறதும் வைக்கிறதும் நோட்டுல எழுதணும். சாவி மூணு: ஒண்ணு பெரிய டீச்சர்கிட்ட, ஒண்ணு வகுப்பாசிரியர்கள்கிட்ட, ஒண்ணு சத்துணவுக் கூடத்துல. சத்துணவு அக்காதான் காலையில மொத ஆளா வந்து கடைசியா போறவங்க, அதான். இந்தத் தீர்மானம் ஆடிட் விதிய ஒண்ணும் மாத்திறாது, அது எங்களுக்கும் தெரியும். ஆனா நாளைக்கு ஒரு விளக்கம் எழுத வேண்டி வந்தா இருவது கையெழுத்து பின்னாடி நிக்கும்ல, அந்தத் தைரியத்துலதான் பீரோ தொறந்துச்சு.

நான் கம்ப்யூட்டர் சார் ஆனது

மொத வருஷம் தப்பு நடந்தது என் பக்கம். எனக்குக் கொஞ்சம் கம்ப்யூட்டர் தெரியும், ஆர்வமும் உண்டு, அதனால எல்லாத்தையும் நானே இழுத்துப் போட்டுக்கிட்டேன். வீடியோ இறக்குறது நான், புரஜெக்டர் மாட்டுறது நான், ஆறாப்புக்கு கணக்குப் பாடம்னாலும் வயர் குத்த நான் போகணும். பிள்ளைகளே கம்ப்யூட்டர் சார்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. வெளியிலருந்து பாத்தா பள்ளி ஜோரா நடக்குற மாதிரி இருக்கும். நான் வட்டார வள மையத்துல அஞ்சு நாள் பயிற்சிக்குப் போயிட்டு வந்து நோட்டப் பாத்தா அஞ்சு நாளும் வெறும் பக்கம். சாவி மூணு இருந்தும் திறமை ஒரே ஆள்கிட்ட இருந்தா அதுவும் ஒரு பூட்டுதான்.

மத்த டீச்சர்கள் ஏன் தொடலன்னு உக்காந்து கேட்டப்ப வந்த பதில நான் எதிர்பாக்கல. அவங்களுக்குக் கம்ப்யூட்டர்னா எமிஸ், பள்ளி விவரத்தையெல்லாம் அரசுக்கு ஏத்துற தளம். வருகைப்பதிவு, உயரம், எடை, செருப்பு அளவு, பேங்க் அக்கவுண்ட்டுன்னு ஆப்புல ஏத்து ஏத்துன்னு உயிரை எடுக்குற சாமான். சர்வர் சுத்திக்கிட்டே இருக்கும், வகுப்புல பிள்ளைக சத்தம் போட்டுக்கிட்டு இருக்கும். அந்த எரிச்சல்ல இருக்குறவங்ககிட்ட போயி இன்னொரு திரையக் காட்டுனா யாருக்குப் பிடிக்கும்? நம்ம மாநிலத்துலயே இதுக்கு நல்ல பாடம் இருக்கு. 2003ல சென்னை மாநகராட்சியோட 13 பள்ளியில பிள்ளைக அட்டைய எடுத்துத் தானாப் படிக்கிற செயல்வழிக் கற்றல் ஆரம்பிச்சப்ப, ஆந்திராவுல உள்ள ரிஷிவேலி பள்ளியில போயி பாத்துட்டு வந்த ஆசிரியர்களே உக்காந்து அட்டை எழுதுனாங்க, அவங்க கைப்பட்ட வேலை. 2007க்கு அப்புறம் மாநிலம் பூரா போனப்ப நிறைய பேர் கைக்கு அது பெட்டியில வந்த அட்டை. ரெண்டும் ஒண்ணு கிடையாது.

அதனால அடுத்த வருஷம் கேள்விய மாத்துனோம். இந்த மெஷின்ல என்ன செய்யலாம்னு கேக்காம, உங்க வகுப்புல எது உங்களுக்குத் தலவலின்னு பெரிய டீச்சர் ஒவ்வொருத்தர்கிட்டயா கேட்டாங்க. நாலாப்பு டீச்சர், வயசுல எங்க எல்லாருக்கும் மூத்தவங்க, எனக்குச் சாக்பீஸ் போதும் தம்பின்னு மொதல்லருந்தே ஒதுங்கி இருந்தவங்க. அவங்க சொன்னது: "பிள்ளைக வாசிக்கிறத ஒவ்வொருத்தரா கேக்க எனக்கு நேரம் பத்தல, தொண்டையும் பத்தல." சரி, அப்ப பிள்ளைக வாசிக்கிறத ரெக்கார்டு பண்ணி வெச்சா சாயங்காலம் நீங்க கேக்கலாமேன்னேன். செஞ்சு பாத்தாங்க. மொத நாளே ஒரு விஷயம் நடந்துச்சு. தான் வாசிச்சத ஸ்பீக்கர்ல கேட்ட ஒரு பையன், "டீச்சர் இன்னொரு தடவ வாசிக்கிறேன், இதுல ழ சரியா வரல"ன்னான். டீச்சர் திருத்தாமலே! அந்த ஒரு வார்த்தைக்கு அப்புறம் அவங்க யாரும் சொல்லாமலே லேப்டாப்ப எடுக்க ஆரம்பிச்சாங்க. ரெண்டு மாசத்துல பிள்ளைகள விட்டு வீட்டுல இருக்குற அப்பத்தாக்களோட தாலாட்டு, விடுகதை எல்லாம் ரெக்கார்டு பண்ண வெச்சு அதையே வாசிப்புப் பாடமா எழுதுனாங்க. இது என் மண்டையில ஏழு ஜென்மத்துக்கும் உதிச்சிருக்காது.

எர்த்து குழியும் மவுஸும்

எங்க பள்ளியில டெக்னாலஜிய உண்மையிலேயே காப்பாத்துனது ஒரு எலக்ட்ரீசியன் அண்ணன், ஏழாப்புப் பிள்ளையோட அப்பா. யூ.பி.எஸ். கத்திக்கிட்டே இருக்குதுன்னு வந்து பாத்தாரு. மீட்டர வெச்சு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல பாத்தா முப்பது வோல்ட்டுக்கு மேல காட்டுது, ரெண்டு மூணுக்குள்ள இருக்க வேண்டியது. எர்த்து கம்பி சுவருக்குள்ள போகுது, வெளிய எங்கயும் வரல. ஆக எர்த்தே கிடையாது. ஐப்பசி மழையில மேலூர்ப் பக்கம் இடி எப்படி விழும்னு எல்லாருக்கும் தெரியும், ரெண்டு வருஷம் தப்பிச்சதே பெருசு. ஒரு ஞாயித்துக்கிழமை நாலு அப்பாமாரும் அவரும் சேந்து எட்டடிக்குக் குழி தோண்டி, இரும்புக் குழாய இறக்கி, உப்பும் அடுப்புக்கரியும் மாத்தி மாத்திப் போட்டு மூடுனாங்க. கரி சத்துணவு அக்கா ஏற்பாடு. மறுநாள் மீட்டர்ல ரெண்டு வோல்ட். அந்தக் குழிக்கு கோடையில வாரத்துக்கு ரெண்டு குடம் தண்ணி ஊத்தணும், இல்லைன்னா காஞ்சு பயனில்லாமப் போயிரும். அது ஆறாப்பு பிள்ளைக முறை. ஸ்மார்ட் போர்டு பத்தி மணிக்கணக்கா பேசுற எந்தக் கூட்டத்துலயும் எர்த்து பத்தி ஒருத்தரும் பேசி நான் கேட்டதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

லேப்டாப் ஓடுனது ரெண்டுதான், பிள்ளைக முப்பது. ஒரு மெஷினச் சுத்தி இத்தன பேர் உக்காந்தா மவுஸ் யார் கையில இருக்கும்? எப்பவும் ஒரே பையன். பொம்பளப் பிள்ளைக பின்னாடி நின்னு எட்டி எட்டிப் பாக்கும். இது எங்க பள்ளிக்கு மட்டும் உள்ள வியாதி இல்ல, பெங்களூர் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்காரங்க கிராமப் பள்ளிகள்ல இதே கூத்தப் பாத்துட்டுத்தான் ஒரே கம்ப்யூட்டருக்கு நாலஞ்சு மவுஸ் மாட்டுற சாஃப்ட்வேர் செஞ்சு 2006 வாக்குல சோதிச்சாங்க. நாங்க அந்த சாஃப்ட்வேருக்குப் போகல. எட்டாப்புப் பொண்ணு ஒருத்தி ஒரு விதி சொன்னா: மவுஸ் பிடிக்கிற ஆள் வாயத் தொறக்கக் கூடாது, பக்கத்துல இருக்குற ஆள் சொல்றத மட்டும்தான் செய்யணும், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ இடம் மாறணும். அவ்வளவுதான். வகுப்பே மாறிருச்சு. பேசித்தான் ஆகணும்ங்குறதால வாயத் தொறக்காத பிள்ளை கூட "வலது பக்கம், வலது பக்கம், அந்தக் கோட்டுக்கு மேல"ன்னு கத்துது.

அந்தப் பொண்ணு தலைமையிலதான் மாணவர் அணி வந்துச்சு. எட்டாப்போட பிள்ளைக மேலூருக்குப் போயிருவாங்க, அதனால அணியில ஆறு ஏழு எட்டு மூணுலருந்தும் ரெண்டு ரெண்டு பேர். போறவங்க வர்றவங்களுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போகணும். நோட்டு எழுதுறது அவங்கதான். ஒரு பக்கம் இப்படி இருக்கு: "புரஜெக்டர் 10 நிமிசத்துல அணைஞ்சது. சூடு. பில்டரக் கழட்டினோம். பல்லி முட்டை 2. தூசி நிறைய. பிரஷ்ல தட்டினோம். இப்ப ஓடுது." ஒரு இஞ்சினியர் எழுதுற ரிப்போர்ட்டு இதவிட என்ன சொல்லிறப் போகுது.

பெரிய டீச்சர் போனப்ப

2024ல அவங்களுக்கு மாறுதல். அதே வருஷம் ஆகஸ்ட்ல மேலாண்மைக் குழுவும் புதுசா மாறுச்சு. ரெண்டும் ஒண்ணா வந்ததுல ஆடிப்போனோம். புதுசா வந்த எச்.எம். நல்ல மனுஷன்தான், ஆனா பதிவேட்டுல கையெழுத்துப் போட்டதும் அதே பயம் அவருக்கும். மூணு சாவியையும் வாங்கித் தன்கிட்டயே வெச்சுக்கிட்டாரு. ரெண்டு மாசம் நோட்டு காலி. நான் பேசுனேன், எடுபடல. ஒரு வெள்ளிக்கிழமை, பதவி முடிஞ்ச பழைய குழுத் தலைவி அக்கா தீர்மான நோட்டையும் பிள்ளைக எழுதுன நோட்டு மூணையும் தூக்கிக்கிட்டு கூட்டத்துக்கு வந்தாங்க. புது உறுப்பினர்கள நடுவுல உக்கார வெச்சு வாசிக்கச் சொன்னாங்க, பல்லி முட்டை உட்பட. "சார், ரெண்டு வருஷத்துல என்னென்ன பழுதாச்சு, யாரு சரி பண்ணுனா, எல்லாம் இதுல இருக்கு. உங்க பேரு எங்கயும் வராது, எங்க பேருதான் வரும்." அவரு அங்கயே அந்த நோட்டப் பூரா புரட்டுனாரு. தீர்மானத்த புதுக் குழு பேர்ல மறுபடி எழுதி இவரும் கையெழுத்துப் போட்டாரு. சாவி சத்துணவுக் கூடத்து ஆணிக்குத் திரும்புச்சு.

அரசும் சும்மா இல்ல. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறை, தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு 79,723 டேப்லட்டுன்னு பெரிய அளவுல இறங்கியிருக்கு, 2018லருந்தே பாடப் புத்தகத்துல கியூ.ஆர். கோடு, 2023ல பாட வீடியோ பாக்குற மணற்கேணி ஆப். எனக்கு இதுல சந்தோஷம்தான். ஆனா பெரு நாட்டுல பிள்ளைகளுக்கு லேப்டாப் குடுத்து 319 பள்ளிகள்ல பாத்த ஆய்வு 2012ல வந்துச்சு, கணக்குலயும் மொழியிலயும் முன்னேற்றம் தெரியல. மெஷினக் கொண்டுபோய் இறக்குறதோட வேலை முடியாதுன்னு அதுக்கு மேல என்ன சாட்சி வேணும். எங்க பள்ளியிலயும் எல்லாம் கூடிவரல. அப்பாக்கள் எர்த்து குழிக்கு வந்தாங்க, மாசக் கூட்டத்துக்கு வர்றதில்ல. எமிஸ் வேலை இன்னும் டீச்சர்களத் தின்னுக்கிட்டுத்தான் இருக்கு. எட்டாப்பு முடிச்சுப் போற பொம்பளப் பிள்ளைகளுக்கு வீட்டுல போன் இன்னும் கைக்கு வரல. அணிய நடத்துன அந்தப் பொண்ணு மேலூர்ல பெரிய பள்ளிக்கூடத்துல சேந்ததும் என்கிட்ட வந்து, "சார், அங்க லேப் இருக்கு, ஆனா சாவி யாருகிட்ட இருக்குன்னு தெரியல"ன்னு சொன்னா. அவங்க குழுத் தலைவர் யாருன்னு விசாரின்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

போன கூட்டத்துல யூ.பி.எஸ். பேட்டரி போயிருச்சு, மாத்தணும்னு நான் கேட்டேன். நூறு பிள்ளைக்கு மேல இருக்குற பள்ளிக்கு வருஷ மானியம் 50,000, அதுல பத்துல ஒரு பங்கு சுகாதாரத்துக்கே போகணும், மீதியில ஏகப்பட்ட செலவு வரிசையில நிக்குது. பொம்பளப் பிள்ளைக கழிப்பறையில ரெண்டு குழாய் ஒடஞ்சு தண்ணி வீணாப் போகுதுன்னு அம்மாக்கள் சொன்னாங்க, சுகாதாரப் பங்கு ஏற்கனவே பினாயிலுக்கும் தொட்டிக்கும் முடிஞ்சு போச்சு. கைதூக்கச் சொன்னாங்க. குழாய்க்கு பதினாலு, பேட்டரிக்கு நானும் நாலாப்பு டீச்சரும். குழாய் மாட்டியாச்சு. பேட்டரிய அடுத்த மாசம் பழைய மாணவர்கள்கிட்ட கேட்டுப் பாக்கலாம்னு நோட்டுல எழுதியிருக்காங்க. அதுவரைக்கும் கரண்டு போனா புரஜெக்டரும் போகும், நாலாப்பு டீச்சர் மீதிக் கதைய வாயாலயே சொல்லுவாங்க.